பத்திரிகை வைக்க வந்தவர்கள்

சாட்சியாக வந்து நில்லுங்கள், வாசகரே. நடுவர் நாற்காலியை உங்களுக்குத் தர எனக்கு விருப்பமில்லை. அதில் அமர்பவர்கள் இரு தரப்பையும் புன்னகையோடு கேட்டுவிட்டு, கைதட்டல் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவதை எத்தனையோ மேடைகளில் பார்த்திருக்கிறேன். சாட்சிக்கு அந்த வசதி கிடையாது. எங்கள் வீட்டு வாசலில் அந்தத் தம்பதி வந்து நின்ற காலையில் நீங்களும் என் அருகே நின்றதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் நீங்கள் என்ன கேட்டிருப்பீர்கள் என்பதை மனத்துக்குள் மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள். நான் என்ன கேட்டேன் என்பதை நான் சொல்கிறேன்.

எலப்புள்ளியிலிருந்து கிழக்கே போகும் சாலையில், கஞ்சிக்கோட்டு ஆலைகளின் புகை தெரியும் தொலைவில் எங்கள் வீடு. அப்பாவுக்கு நெல்லும் தென்னையும், எனக்குப் பேச்சு. கல்லூரியில் தொடங்கிய மேடை, வாசகசாலை விழாக்கள், மகளிர் குழுக்கள், கோயம்புத்தூர்ப் பட்டிமன்றங்கள் என்று விரிந்தபோது, முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி தேவைப்பட்டது. வெயில் படும்போது அதிலிருந்த கோப்பைகள் தெரு வரைக்கும் மின்னும். அந்த இடத்தில் அலமாரியை வைக்கச் சொன்னது நான்தான்.

என் உரைகளுள் பெரிதும் விரும்பிக் கேட்கப்பட்டது, வீட்டையும் நம்மையும் வஞ்சகரிடமிருந்து காப்பது குறித்தது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓடிபி கேட்பவன், காவல் அதிகாரியின் சட்டையணிந்து வீடியோவில் வந்து ‘உங்களைக் கைது செய்திருக்கிறேன், அறையை விட்டு நகராதீர்கள்’ என்று மிரட்டுபவன், நகைக்கு மெருகேற்றித் தருவதாகக் குடத்தோடு வருபவன் என்று ஒவ்வொருவரையும் குரல் மாற்றி நடித்துக் காட்டுவேன். முடிவில் மூன்று விதிகள்: “அறியாதவருக்குக் கதவைத் திறவாதீர்கள். திறந்தாலும் வாசற்படியைத் தாண்ட விடாதீர்கள். தாண்டினாலும் உங்களைப் பற்றி ஒரு சொல் உதிர்க்காதீர்கள்.” மூன்றாவது விதியில் கைதட்டல் தவறியதே இல்லை.

அந்த உரையின் முதல் பயனாளி என் அக்காதான். கோயம்புத்தூரில் பொதுவாசல் உள்ள வாடகை வீட்டில் குடியிருக்கிறாள். ரவிக்கை தைக்கும் கடையொன்று சொந்தமாகத் தொடங்குவது அவள் நெடுநாள் எண்ணம். இடம் பார்த்தாயிற்று, தையல் இயந்திரங்களுக்கும் சொல்லி வைத்தாயிற்று. கல்யாணத்துக்குப் போட்ட நகைதான் முதல். இயந்திரம் வந்து சேரும்வரை அதை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு, என் உரையை ஒரு மகளிர் குழுவில் நேரில் கேட்ட அன்று விடை கிடைத்ததாம். மறுவாரமே நகைப்பெட்டியோடு வந்து இறங்கினாள்.

“பேங்க்கு லாக்கருக்கு வரிசை நிக்குதுடா தம்பி. உன்ற பேச்சக் கேட்டா திருடனே திருந்தி வேலைக்குப் போயிருவான். இங்கயே இருக்கட்டும்,” என்றாள். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினாள். “அம்மா, ஆசைக்குக்கூட எடுத்துப் போட்டுப் பாக்கக் கூடாது. தெரிஞ்சுதா? அது என்ற கடை.”

“நான் ஏண்டி தொடறேன்,” என்றாள் அம்மா. பெட்டி சாமியறை பீரோவுக்குள் போயிற்று.

இனி அந்தக் காலை. அப்பா களத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். படலைத் திறந்துகொண்டு ஒரு தம்பதி வந்தார்கள். அவர் வெள்ளை வேட்டி சட்டை. அந்த அம்மாள் பட்டுச்சேலை. கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, குங்குமச்சிமிழ், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள்.

வேற்றூர்க்காரராக இருந்தால் உங்களுக்கு எங்கள் பக்கத்து முறையைச் சொல்லவேண்டும். பத்திரிகை வைக்க வருபவர்களை நாங்கள் ‘நீங்கள் யார்’ என்று கேட்பதில்லை. கேட்டால், உறவையே மறந்துபோன வீடு என்று பேச்சாகும். அடுத்த நல்லது கெட்டதுக்கு அவர்கள் வரமாட்டார்கள். வராததற்கான காரணத்தை ஊர் முழுக்கச் சொல்வார்கள். ஆகையால் முகம் தெரியாவிட்டாலும் முகம் மலர வரவேற்று, தண்ணீர் கொடுத்து, ‘ஊருல எல்லாரும் சௌக்கியமா’ என்று பொதுவாக ஒரு தூண்டிலைப் போட்டு, பதிலில் ஏதாவது சிக்குகிறதா என்று பார்ப்போம். சிக்காவிட்டால் அவர்கள் போன பிறகு வீட்டுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம். என் மூன்று விதிகளும் அறியாதவர்களைப் பற்றியவை. பத்திரிகையோடு வருபவர் அறியாதவர் ஆகமாட்டார். நாம்தான் அவரை அறியத் தவறியவர் ஆவோம்.

“ஏனுங் மாமா, சௌக்கியமுங்களா? என்னுங்க இப்பிடி எளச்சுப் போயிட்டீங்க!” என்றார் வந்தவர்.

மாமா என்றதால் இது மனைவி வழி உறவு என்று அப்பா முடிவு கட்டினார். அதே சமயம் அந்த அம்மாள் சமையலறை வாசலில் நின்ற அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, நல்லாயிருக்கீங்களா?” என்றாள். அக்கா என்றதால் இது கணவரின் பங்காளி வீட்டு மருமகள் என்று அம்மா முடிவு கட்டினாள். மனைவியின் சனத்தைத் தெரியாது என்று சொல்லும் துணிவு அப்பாவுக்கு இல்லை. கணவரின் சனத்தைத் தெரியாது என்று சொல்லும் துணிவு அம்மாவுக்கு இல்லை. அந்த இரண்டு துணிவின்மைகளுக்கும் நடுவே அகலமாகக் கதவு திறந்தது.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கேட்கலாம் என்றுதான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

“இது நம்ம பேச்சாளர் தம்பியல்லங்களா! போன்ல பாத்தமுங்க. வாசப்படியத் தாண்ட உடாதீங்கன்னு சொன்னீங்க பாருங்க, என்ற ஊட்டுக்காரி அதையே திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டாங்க.”

இதை அவர் எங்கள் வாசற்படியைத் தாண்டி, முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் மோரைக் குடித்தபடி சொன்னார். அவரிடம் நான் கேட்ட ஒரே கேள்வி இதுதான்: “எந்த மேடைல பேசுனதுங்க அது?”

பத்திரிகையைச் சாமி முன்னால் வைத்து வாங்குவது வழக்கமாதலால் அம்மா அந்த அம்மாளைச் சாமியறைக்கு அழைத்துப் போனாள். “பீரோ புதுசுங்களா அக்கா? நம்முளுதும் இதே மாதிரிதான், ஆனா பூட்டுத்தான் செரியில்ல,” என்று ஒரு குரல் கேட்டது. “இதும் அப்பிடித்தான், ஓங்கி இழுத்தா வந்துரும்,” என்று அம்மா ஆறுதல் சொன்னாள்.

முன்னறையில் அவர் பக்கத்து வீட்டுக்கும் பத்திரிகை வைக்கவேண்டும் என்றார். கல்யாணத்தன்று அவர்கள் பழநிக்குப் போகிறார்கள், வீட்டில் ஆள் இருக்காது என்று அப்பா வருந்தினார். “இங்க நாயி ஒண்ணு இருந்துதுங்களே?” என்றார் அவர். அது தோட்டத்துச் சாளைக் குடிசைக்குக் காவலுக்குப் போய்விட்டது என்று அப்பா மகிழ்ந்தார், மறக்காமல் விசாரிக்கிறாரே என்று.

புறப்படும்போது அவர் எழுந்து நின்று சொன்னது அப்படியே என் காதில் இருக்கிறது. “ஊட்டப் பூட்டிட்டு ஒருத்தர் பாக்கியில்லாம வந்தரோணுமுங்க மாமா. தம்பி மேடைல நாலு வார்த்த வாழ்த்திப் பேசோணும். தம்பி வரலைன்னா எங்களுக்குக் கண்ணாலமே நடந்த மாதிரி இருக்காது.” அழைப்பு என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று அன்று நினைத்தேன். இன்றும் அந்த வாக்கியத்தின் அமைப்பில் குறை காண முடியவில்லை.

அவர்கள் போனதும், “நல்ல சனம். மொறையா வந்து கூப்பிட்டாங்க,” என்றார் அப்பா. “ஆமாங்க, போகாம இருந்தா நல்லாவா இருக்கும்,” என்றாள் அம்மா. ஒருவர் வீட்டு உறவை மற்றவர் பாராட்டியதை நான் கேட்டது அன்றுதான் முதல் முறை. அப்பா பத்திரிகையிலிருந்த பெயர்களை வாய்விட்டு வாசித்தார். அம்மா தெரிந்ததுபோல் தலையசைத்தாள். அவள் அசைத்ததைப் பார்த்து அவரும் அசைத்தார். மண்டபம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். எனக்கு உரை தயாரிக்கும் வேலை இருந்தது.

கல்யாணத்தன்று ஒன்றிரண்டு செய்திகள் வழக்கத்துக்கு மாறாக இருந்தன. எங்கே போனாலும் பேருந்துதான் என்று அடம்பிடிக்கும் அம்மா, அன்று வாடகைக் கார் வேண்டும் என்றாள். வெயில் கொளுத்தியபோதும் சேலைத் தலைப்பை இரு தோளுக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்னிருக்கையில் உட்கார்ந்தாள். முன்னிருக்கையில் நான் உரையை முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

மண்டபத்தில் உண்மையாகவே கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. பத்திரிகையில் இருந்த அதே மாப்பிள்ளை, அதே பெண். வாசலில் பெண்ணின் அப்பா எங்களைக் கண்டு, “வாங்க, வாங்க, இப்பத்தான் வாறீங்களா? மொதல்ல சாப்பிடுங்க,” என்று அப்பாவின் தோளைத் தொட்டுப் பந்திக்கு அனுப்பினார். அவரும் எங்களை யார் என்று கேட்கவில்லை. அவருக்கும் அதே முறைதான்.

இட்டிலிக்கு நடுவே அம்மா மெல்லக் குனிந்தாள். “ஏனுங்க, பத்திரிக்க வெச்சவியளக் கண்ணுலயே காணமே?”

“உன்ற பக்கத்துச் சனம். நீதான புள்ள தேடோணும்?”

“என்ற பக்கமா? உங்க பங்காளிக இல்லீங்களா?”

இருவரும் இலையைப் பார்த்தார்கள். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நொடியில் எழுந்து வீட்டுக்கு ஓடியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். ஆனால் முகூர்த்தம் முடிந்ததும் பேச்சு என்று ஒலிபெருக்கிக்காரரிடம் நான் சொல்லி வைத்திருந்தேன். “பேசிட்டு வந்து விசாரிச்சுக்கலாம், சட்னி போட்டுக்குங்க,” என்றேன்.

பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு செய்ததாக நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரின் பெருந்தன்மை என்று நினைத்தார்கள். முன்பின் அறியாத இருவர் ஒரே நாளில் ஒரே வீட்டார் ஆகும் அதிசயத்தைப் பற்றி நான் பேசினேன். அன்று நான் பேசியது முழுவதும் உண்மை; என் அனுபவத்திலிருந்தே பேசிக்கொண்டிருந்தேன் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. பெண்ணின் அப்பா கண்கலங்கி எனக்குத் துண்டு போர்த்தினார். “தம்பி, நம்ம சொந்தத்துல இப்பிடி ஒரு பேச்சாளர் இருக்கறது தெரியாமப் போச்சுங்களே,” என்றார். புகைப்படக்காரர் எங்களைக் குடும்பமாக மேடையேற்றி மணமக்களுக்கு அருகில் நிறுத்தினார். அப்பா மொய்யும் வைத்தார்.

வீடு திரும்பியபோது முன்வாசல் பூட்டு பூட்டியபடி இருந்தது. “பாத்தியா? ரெண்டு பேரும் சும்மா பயந்தீங்க,” என்று அப்பா சாவியைத் திருகினார். உள்ளே காற்று முகத்தில் அடித்தது. கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. எங்கள் கடப்பாரையாலேயே அதை நெம்பியிருந்தார்கள். வேலை முடிந்ததும் அதைச் சுவரில் ஒழுங்காகச் சாய்த்தும் வைத்திருந்தார்கள். பீரோ பிளந்து கிடந்தது. அக்காவின் நகைப்பெட்டி கட்டிலின் மேல் மூடி திறந்து, வெறுமையாக.

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ‘அது என்ற கடை’ என்று அக்கா சொன்ன குரல் என் காதுக்குள் ஒலித்தது. கைபேசியை எடுத்து அவளை அழைத்தேன். எத்தனையோ அவைகளைக் கட்டிப்போட்ட இந்த நாவுக்கு அப்போது கிடைத்த சொற்கள் இவைதான்: “அக்கா, பெட்டி காலிக்கா.” மறுமுனையில் இணைப்பு அறுந்தது.

காருக்கு வாடகை கொடுத்துவிட்டு அம்மா அப்போதுதான் உள்ளே வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். திருடன் வந்த வீட்டில் திருடியவள்போல் விழித்தாள்.

“அதுல ஒண்ணுமே இல்லீங்க. எல்லாத்தையும் நான்தான்...” என்று சேலைத் தலைப்பை விலக்கினாள்.

அட்டிகை, ஆரம், வளையல் என்று அனைத்தும் அவள் உடலில் இருந்தன, நெற்றிச்சுட்டியைத் தவிர. அது கைப்பைக்குள் இருந்தது. “பங்காளி ஊட்டுக் கண்ணாலத்துக்கு வெறுங்கழுத்தோட போய் நிக்க முடியுங்களா? நாலு பேரு என்ன பேசுவாங்க? இவன் கண்டா பேச ஆரம்பிச்சுருவான்னுதான் மூடிக்கிட்டன். பொம்பளைக பக்கம் போனதும் எடுத்து உட்டுட்டன், உங்ககிட்ட வாறப்ப மறுபடி மூடிக்கிட்டன்.”

நகையணிந்து விசேஷங்களுக்குப் போகாதீர்கள் என்பது என் உரையில் ஒரு தனிப் பகுதி. அம்மா அதை மீறியதால் நகை பிழைத்தது. எங்கள் முறைகளையெல்லாம் கற்றுத் தேர்ந்த அந்தத் தம்பதி, உறவுக் கல்யாணத்துக்குப் போகும் பெண் பீரோவில் எதையும் மிச்சம் வைக்கமாட்டாள் என்ற ஒரே ஒரு முறையை மறந்துபோனார்கள். வாதத்தில் ஒரு புள்ளியை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஏமாற்றத்தில் அவர்கள் என் கண்ணாடி அலமாரியிலிருந்த கோப்பைகளைத் துடைத்து எடுத்துப் போயிருந்தார்கள். வெயிலில் மின்னியதை வெள்ளி என்று நம்பியிருக்கவேண்டும். அவர்களையும் ஒரு பொருள் ஏமாற்றியது என்பதில் எனக்குச் சிறு நிறைவு உண்டு.

அக்காவை மீண்டும் மீண்டும் அழைத்தேன். கிடைக்கவில்லை. அதற்குள் காவலர் வந்தார்.

“களவு போயது எந்தா?” என்ன களவு போயிற்று என்று மலையாளத்தில் கேட்டார், கழுத்து நிறைய நகையோடு நின்ற அம்மாவைப் பார்த்தபடி.

“கப்புங்க சார். பேச்சுப் போட்டிக் கப்பு,” என்றேன்.

“க்ஷணிச்சது ஆரா?” அழைத்தது யார் என்று கேட்டார். தெரியாது என்றோம். கல்யாணம் யாருடையது என்றார். அதுவும் தெரியாது என்றோம்.

“ஊணு கழிச்சோ?”

“சாப்பிட்டமுங்க.”

“இவன் பிரசங்கமும் பண்ணினானுங்க,” என்றார் அப்பா, தரையிலிருந்தபடி.

காவலர் பேனாவை மூடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அழைக்காத கல்யாணத்தில் உண்டு, மேடையேறிப் பேசி, புகைப்படமும் எடுத்துக்கொண்டு வந்தவன் என்று என்மீது யாரேனும் புகார் கொடுத்திருக்கிறார்களா என்று யோசிப்பதுபோல் இருந்தது.

மாலை வெயில் சாயும் முன் அக்கா வந்து சேர்ந்தாள். வாளையாறு தாண்டும்வரை அழுதுகொண்டே வந்திருக்கிறாள். அதற்குப் பிறகு அழவும் தெம்பில்லையாம். உள்ளே வந்தவள் கண்டது, முழு அலங்காரத்தோடு வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அம்மாவை. கழற்றினால் எங்கே வைப்பது என்று தெரியாததால் அம்மா அதுவரை ஒன்றையும் கழற்றவில்லை.

அக்கா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்து சிரித்தாள்; சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆயிற்று. “தொடமாட்டன்னு சொன்னியே அம்மா!”

“தொட்டதுனாலதாண்டி இருக்குது,” என்றாள் அம்மா, சற்றே மிடுக்காக.

நான் தொண்டையைச் செருமினேன். “அக்கா, நியாயமாப் பாத்தா நான் சொன்ன விதி மூணும் தப்பில்ல. வந்தவிய அறியாதவங்களா அறிஞ்சவங்களாங்கறதுதான்...”

“வாய மூடுடா. இது மேடையில்ல, அடுக்களை.” என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தாள்.

செய்தி பரவி, களம் முழுக்க ஆட்கள். விசாரிக்க வந்தவர்கள் எல்லோர் கையிலும் காப்பி. அப்பா ஒவ்வொருவரையும் வாங்க வாங்க என்று வரவேற்றுக்கொண்டிருந்தார். உடைந்த கதவை ஒருவர் கவனமாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். தென்னைமரத்தடியில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், பீரோ எந்த அறையில் என்று அப்பாவிடம் அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“மெசினு வர்ற வரைக்கும் இது இங்கதான் இருந்தாகோணும். என்ற ஊட்டுல வெக்க எடமில்ல,” என்றாள் அக்கா தணிந்த குரலில். “அந்த மரத்தடில நிக்கறவரு ஆரு?”

“அம்மா பக்கம்னு நெனைக்கறன்.”

“அம்மாவக் கேட்டன். உங்கப்பா பக்கம்னு சொல்றாங்க.”

பேசுவதற்கு அல்ல, ஒருவரை யார் என்று கேட்பதற்கு நான் படியேறவேண்டி வந்தது அதுவே முதல் முறை. அக்கா என்னைப் படிமேல் தள்ளினாள். ஒலிபெருக்கி இல்லை, நடுவர் இல்லை, போர்த்துவதற்குத் துண்டு வைத்திருப்பவரும் இல்லை. இருந்தும் களத்தின் கடைசி ஆள் வரைக்கும் கேட்கும்படி, இதை நீங்களும் கேட்டீர்கள் அல்லவா, நான் சொன்னேன்:

“ஏனுங்க, எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. இன்னியிலிருந்து இந்த வாசப்படில ஆரு வந்து நின்னாலும், வாங்கன்னு சொல்றதுக்கு முந்தி, நீங்க ஆருங்க, ஆரு ஊடுங்கன்னு நான் கேப்பனுங்க. தாய்மாமனே வந்தாலுங் கேப்பனுங்க. கோவிச்சுக்கிட்டுப் போனாப் பின்னாலயே வந்து கூட்டிட்டு வாறது என்ற பொறுப்புங்க. எங்கக்கா கடை தெறக்கற வரைக்குங் கேப்பனுங்க; தெறந்த பொறவும் உடமாட்டனுங்க. இப்ப, அந்தத் தென்னமரத்தடில காப்பி குடிக்கற உங்ககிட்ட இருந்தே ஆரம்பிக்கறனுங்க.”